டிப்ஸ் கொடுக்க வேண்டாம்

ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறவர்கள் சப்ளையருக்கு டிப்ஸ் கொடுக்கத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். கல்லாவுக்கு முன்னால் ஆள் நிற்பதுகூடக் கண்ணில் படாது. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "மீன் வறுவல் சூடா இருக்கு, வைக்கச் சொல்லவா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். வாயடைத்துப் போனது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மனசில் கிடப்பதை இறக்கிவைக்க வேறு வழியும் தெரியவில்லை.

சொந்த ஊர் அதிராம்பட்டினம். கடை பட்டுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. தினமும் மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, வெள்ளியும் ஞாயிறும் பிரியாணி. கடை வைப்பதற்கு முன்னால் பதினோரு வருஷம் துபாயில் ஒரு ஓட்டலில் நானே சப்ளையராக இருந்தேன். சம்பளத்தில் பாதி முதலாளி தருவது, மீதி மேசையில் கிடைப்பது என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள். அதனால் வருகிறவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது. சாயங்காலம் ஆனால் கன்னம் வலிக்கும்.

ஒரு நாள் நாலைந்து பேர் சாப்பிட்டு எழுந்தார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு காசை எடுத்து, மிச்சமிருந்த சால்னாக் கிண்ணத்துக்குள் போட்டான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் எடுக்கிறேனா இல்லையா என்று பார்க்க வாசலில் போய் நின்றார்கள். எடுத்தேன். இரண்டு விரலை விட்டு எடுத்து, கழுவி, பையில் போட்டுக்கொண்டேன். தங்கச்சி கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவன் போட்டதைவிட நான் எடுத்ததுதான் இத்தனை வருஷமும் என்னை அரித்தது. என்றைக்காவது சொந்தமாகக் கடை வைத்தால், என்னிடம் வேலை பார்க்கிற எவரும் எச்சில் மேசையில் காசு பொறுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

கடை திறந்த நாளிலிருந்து என்னோடு இருந்தவர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதற்கு முன் தஞ்சாவூரில் சைவ ஓட்டல்களில் சப்ளையராக இருந்தவர். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. எங்களிடம் வந்த புதிதில் மீன் குழம்பு வாளியை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளியே பிடித்துக்கொண்டு நடப்பார். நாங்கள் கேலி செய்வோம். ஒரே மாதத்தில், வாவல் எது, கொடுவா எது, இன்றைக்கு எது நல்லா இருக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை பாய் என்பார்.

அவர் பரிமாறுவதைப் பார்க்க வேண்டும். இலையில் சோறு தீருவதற்கு ஒரு வாய் முன்னால் வந்து நிற்பார். அதற்கு முன்னாலும் வரமாட்டார், பின்னாலும் வரமாட்டார். நெல் வியாபாரிக்கும், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிவிட்டுப் பசியோடு வந்து உட்கார்ந்த கூலிக்காரருக்கும் ஒரே குரலில் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா" என்பார். சாப்பிட்டு முடித்ததும், சோம்பும் கற்கண்டும் போட்ட சின்னத் தட்டில் பில்லைக் கொண்டுவந்து வைப்பார். வைத்த உடனே முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். என்ன வைக்கிறார்கள், வைக்கிறார்களா இல்லையா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆள் எழுந்து போய், மேசையைத் துடைத்த பிறகுதான் தட்டைத் தொடுவார். சோம்புக்கு அடியில் பத்தோ இருபதோ கிடந்தால் எடுத்துக்கொண்டு போய், சமையல்கட்டு அலமாரியில் இருந்த ஒரு பால்பவுடர் டப்பாவில் போடுவார். எல்லோரும் போனில் ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிற காலம் வந்த பிறகும், அவருக்கென்று சில்லறை மாற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பணம் டப்பாவில்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். இதை நான் கவனித்து வைத்திருந்தேன், தப்பாக.

ஏனென்றால் அவர் சம்பளம் அவர் கைக்குப் போகாது. வேலைக்கு வந்த முதல் வருஷம் அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி கடைக்கு வந்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "பாய், இனிமே சம்பளத்த என் கையில குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. எத்தனையோ கடைகளில் ஆம்பளை உழைப்பான், பொம்பளை வந்து வாங்கிக்கொண்டு போவாள். முதலாளிக்கும் நல்ல பெயர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் மனைவி வருவார், நான் கவரைக் கொடுப்பேன். அவர் அந்த நேரத்தில் மட்டும் சமையல்கட்டுக்குள் போய்விடுவார். அதற்குப் பிறகு அவர் குடித்து நான் பார்த்ததில்லை, வாடை அடித்ததும் இல்லை. ஆனாலும் அந்த ஏற்பாடு அப்படியே நின்றது. நிறுத்த வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் அவர் வந்து நாலாவது வருஷம், நோன்புப் பெருநாளுக்கு எல்லோர் வீட்டுக்கும் துணி எடுப்பதற்காக. கொஞ்சம் தயங்கி, "ரெண்டு பசங்க பாய்" என்றார். மனைவிக்குச் சேலை, இரண்டு சட்டைத்துணி என்று எடுத்துக் கொடுப்பேன். போன வருஷத்துக்கு முந்தின பெருநாளுக்கு மட்டும், "ஒரு சட்டைத்துணிக்குப் பதிலா சின்னக் கவுனு ஒண்ணு கெடைக்குமா பாய், பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் நான் எடுக்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். பூப்போட்ட மஞ்சள் கவுன்.

எங்கள் கடையில் மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அவர் இரண்டு செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்வார். ஆனால் ஒரு ஞாயிறு அவர் மனைவி கவரை வாங்கும்போது, "ஒரு நாள்கூட வீட்டுல தங்கமாட்டேங்கிறாரு பாய், உங்க கடையே கதின்னு கெடக்குறாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பி, கடைக்கும் வராமல் எங்கே போகிறார்? பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கையில் ஒரு பையோடு அவர் மன்னார்குடி பஸ்ஸில் ஏறுவதை நானே பார்த்தேன். கடையில் இருந்த இன்னொரு சப்ளையர், "அண்ணனுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருக்கும் போலங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம். குடியோ, இன்னொரு வீடோ, எதுவாக இருந்தாலும் அந்த டப்பாக் காசுதான் அவரைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடை வைத்த புதிதில் சம்பளத்தைக் கூட்ட எனக்கு வசதி இல்லை. வசதி வந்ததும், ஒரு ஆனி மாதம், வாய்க்கால்களில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில், சாப்பாட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றினேன். எல்லோருக்கும் சம்பளத்தைக் கூட்டினேன். சுவரில் ஒரு போர்டு மாட்டினேன். "டிப்ஸ் கொடுக்க வேண்டாம். எங்கள் ஊழியர்களுக்கு உரிய சம்பளத்தை நாங்கள் தருகிறோம்." சாப்பிட வந்த ஒருவர் அதைப் படம் எடுத்துப் போனில் போட, அது ஊரெல்லாம் சுற்றியது. தெரியாதவர்களெல்லாம் வந்து கை கொடுத்தார்கள். துபாயில் என்னோடு இருந்தவர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

யாராவது பழக்கத்தில் மேசையில் காசு வைத்துவிட்டால், சப்ளையர் அதைக் கல்லாவில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அதைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடுவேன். மற்றவர்கள் எப்படியோ, அவர் ஒரு ரூபாய் விடாமல் கொண்டுவந்து வைத்தார்.

போர்டு மாட்டி ஒரு மாதம் இருக்கும். மதியக் கூட்டம் வடிந்த பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய், அந்த போர்ட எடுத்துறலாமே."

"ஏண்ணே?"

"பாவம், கேக்காமயே வச்சுட்டுப் போறாங்க. திருப்பிக் குடுத்தா அவங்க மொகம் சுண்டிப் போவுது."

"நீங்க கை ஏந்துறது எனக்குப் புடிக்கல அண்ணே."

"கை ஏந்தலைங்க பாய். அவங்க வைக்கிறாங்க, நான் எடுத்துக்கிறேன்."

நான் சால்னாக் கிண்ணத்துக் கதையைச் சொன்னேன். அவர் ஏற்கனவே நாலு தடவை கேட்ட கதை. முழுதும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்ப கூட்டுன சம்பளத்துல மட்டும் கொஞ்சம் தனியா என் கையில தர முடியுங்களா?" என்றார்.

"அதுக்கென்னண்ணே. ஞாயித்துக்கெழம வருவாங்கல்ல, வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுத் தர்றேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம் பாய். அவகிட்ட கேக்காதீங்க. விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து ஏற்கனவே துடைத்திருந்த மேசையைத் துடைக்கப் போனார். பார்த்தாயா, பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. எதற்கு என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுக்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் லீவே எடுக்கவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று எல்லாச் செவ்வாய்க்கிழமையும் காலையில் எட்டு மணிக்கு வந்து வாழை இலையை நறுக்க உட்கார்ந்துவிடுவார். "லீவு எடுத்துக்கங்கண்ணே, உங்க உரிமைதானே" என்று நானே இரண்டு தடவை சொன்னேன். "எங்க பாய் போறது, இருக்கட்டும்" என்றார். மனிதர் திருந்திவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். அவர் மனைவியிடம்கூட, "அண்ணன் இப்ப ரொம்ப நல்லா இருக்காருங்க" என்றேன். ஆனால் பரிமாறுகிற நேரம் போக மற்ற நேரத்தில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. கேலி செய்தால் சிரிப்பதில்லை. வயசாகிறது என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, நல்ல மழை, வீட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் போனோம். இரண்டு மகன்கள், மனைவி, சொந்தக்காரர்கள். பெரிய மகன் கொள்ளி வைத்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று அழுதேன். ஒரு நல்ல சப்ளையர் போய்விட்டார், ஒரு நல்ல மனிதர் போய்விட்டார் என்றுதான் அழுதேன். அந்த அழுகையில் வேறு எதுவும் இல்லை. இப்போது நினைத்தால் அந்த அழுகைமேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

தை மாதக் கடைசி. சம்பா அறுவடை நேரம் என்பதால் கடையில் மெஷின் டிரைவர்களும் நெல் லாரிக்காரர்களுமாக மதியம் முழுக்கக் கூட்டம். மூன்றரை மணிக்கு அது ஓய்ந்த பிறகு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சுவரோரமாக, போர்டுக்கு நேர் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்து, "ஒரு சாப்பாடு போதுங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிறோம்" என்றாள். சாப்பிடும்போது சமையல்கட்டுக் கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு யாரோ வருவதற்காகக் காத்திருக்கிற பார்வை அது. வேறு ஆள் வந்ததும் குனிந்து குழந்தைக்கு முள் எடுத்து ஊட்டுவாள்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஒரு இருபது ரூபாய் நோட்டை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுக் கல்லாவுக்கு வந்தாள். குழந்தை அங்கேயே உட்கார்ந்து தட்டில் இருந்த கற்கண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பாய், இங்க சப்ளையரா ஒருத்தர் இருப்பாரே. வயசானவரு, நெத்தியில விபூதி வச்சிருப்பாரு. இன்னிக்கு வரலிங்களா?"

எனக்கு மன்னார்குடி பஸ் ஞாபகம் வந்தது. "நீங்க யாரு?" என்றேன். குரலில் கடுப்பு இருந்திருக்க வேண்டும்.

"அவரு மக."

"அவருக்குப் பொண்ணு கெடையாதேம்மா."

அவள் கோபப்படவில்லை. "உங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்காருங்களா" என்றாள். "சொல்லித்தானே ஆகணும். வீட்டுல அப்படித்தானே முடிவு பண்ணாங்க." போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ ஒரு வீட்டு வாசலில் எங்கள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அந்தக் கவுனு நீங்க குடுத்ததுன்னு சொன்னாரு பாய். இப்ப சின்னதாயிருச்சு" என்றாள்.

நான் உட்காரச் சொன்னேன். அவளே சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், நன்னிலம் பக்கம். அம்மாவும் அண்ணன்மார்களும் தலை முழுகிவிட்டார்கள். ஒருமுறை அவள் புருஷன், அவள் அம்மா வீட்டுக்குப் போன் பண்ணி, பெரிய அண்ணன் எடுத்து, வெட்டுவேன் குத்துவேன் என்று பெரிய சண்டையாகிவிட்டது. அதிலிருந்து நீ கூப்பிடாதே, நானே வருவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னபடி மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார். மன்னார்குடி, திருவாரூர் என்று பஸ் மாறி மத்தியானம் வந்து, குழந்தையோடு இருந்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"சம்பளம் அம்மா கையிலதான் போவும்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கும், புள்ளைக்கு இத்தன வாங்கியாறதுக்கும் ஏதுப்பா காசுன்னு கேப்பேன். இது எலைக்குப் பக்கத்துல கெடைக்கிற காசும்மா, இதுக்கு யாரும் கணக்குக் கேக்க முடியாதுன்னு சிரிப்பாரு."

அவர் இறந்துவிட்டார் என்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடிக்கிற வரைக்குமாவது அவர் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேனோ, இல்லை பயந்தேனோ, தெரியவில்லை.

"ஆனியில கடைசியா வந்தாரு. அப்புறம் வரவே இல்ல. ரெண்டு தடவ பஸ் ஸ்டாண்டுல யாரோட போனயோ வாங்கிப் பேசினாரு. கூட்டம் அதிகம்மா, பாய் லீவு தரமாட்டேங்கிறாருன்னு சொன்னாரு. அப்புறம் அதுவும் இல்ல. அவருக்கும் என்மேல வெறுத்துப் போச்சோன்னு நெனச்சு நெனச்சு..." என்று நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "ஒரு நாள் லீவு குடுத்திருக்கலாமே பாய்."

பஸ்ஸுக்குக் காசில்லை என்று மகளிடம் சொல்ல வாய் வராமல், அந்த மனிதர் பழியை என் தலையில் போட்டிருந்தார். போட்டது சரிதான். அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு உதவியாகக்கூட இருந்தது. லீவு தராத முதலாளி என்றால் இவள் என்னைத் திட்டிவிட்டுப் போவாள். நிஜத்தைச் சொன்னால், அப்பா கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசு இல்லாமல் கடைசி ஐந்து மாதம் இருந்தார் என்பதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

"தப்புதாம்மா" என்றேன். "குடுத்திருக்கணும்."

அப்புறம் சொன்னேன். கார்த்திகையில், விடியற்காலையில், நெஞ்சு வலி, அதிக நேரம் கஷ்டப்படவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் யாரோ பேசுவது போல எனக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சப்ளையர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு கேட்டாள்.

"கொள்ளி யாரு வச்சா?"

"உங்க பெரிய அண்ணன்தாம்மா."

"அன்னிக்கு மழைங்களா?"

"நல்ல மழைம்மா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன் பாய். பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டே கெடையாது. மாறி மாறி வந்திருப்பேன். நீ வராத, கடையில வந்து நின்னா நாலு பேரு பாப்பாங்கன்னு அவருதான் வேணாம்னாரு." மறுபடி அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை.

எழுந்து சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க வந்தாள். நான் வாங்கவில்லை. குழந்தையைத் தூக்கப் போனாள். குனிந்து தூக்கி நிமிர்ந்தபோதுதான் சுவரில் இருந்த போர்டு அவள் கண்ணில் பட்டது. படித்தாள். டம்ளருக்கு அடியில் இருந்த இருபது ரூபாயைச் சட்டென்று எடுத்தாள்.

"பாக்காம வச்சுட்டேன் பாய், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சாப்பிட்டாலும் சப்ளையருக்கு ஏதாவது வச்சுட்டு எந்திரிக்கணும்னு அப்பா சொல்லுவாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் போர்டைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் படிக்கவில்லை, யோசித்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது எப்ப மாட்டினீங்க பாய்?"

ரொம்ப வருஷமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இரண்டு பொய்யும் நாக்கு வரைக்கும் வந்தது.

"ஆனியில" என்றேன்.

குழந்தை அவள் தோளில் சாய்ந்து கற்கண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப லீவு குடுத்தீங்க."

"குடுத்தேன்மா. எடுத்துக்கங்கன்னு நானேதான் சொன்னேன்."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நோட்டை முன்பு இருந்த மாதிரியே டம்ளருக்கு அடியில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள். ஊர் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றினேன். அதிலிருந்து என் கடையில் சம்பளம் அவரவர் கையில்தான் போகிறது; யார் வீட்டில் வந்து கேட்டாலும் மாற்றுவதில்லை. டிப்ஸ் கொடுப்பது சரியா, தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சால்னாக் கிண்ணத்துக்குள் காசைப் போட்டவன்மேல் இருந்த கோபத்தை எடுத்துக்கொண்டு, சோம்புக்கு அடியில் பத்து ரூபாயை மறைத்து வைத்தவர்களுக்கும் அதை எடுத்துக்கொண்ட மனிதருக்கும் நடுவில் போய் நின்றேன் என்பது மட்டும் தெரியும். அந்தப் பெண் போன பிறகு நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சப்ளையர் மேசையைத் துடைத்துவிட்டு, அந்த இருபது ரூபாயை வழக்கம்போல எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"உண்டியலுக்குங்களா பாய்?" என்று கேட்டார்.